மலையேறாத மரம், மலையேறும் காய்

எங்கள் அம்மாயி வீடு நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்தில் இருந்தது. கினிகத்தேனையிலிருந்து மாமா வரும்போதெல்லாம் அவர் உரப்பையில் இரண்டு ஈரப்பலாக்காய் இருக்கும். பஸ்ஸில் கீழே வைத்தால் உருளும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். காம்பில் கசிந்த பால் அவர் சட்டையில் எப்போதும் ஒரு கறையை விட்டிருக்கும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒவ்வொரு தடவையும் மாமா வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், நம் வீட்டிலேயே ஒரு மரம் இருந்தால் என்ன என்று தோன்றியது. மாமாவிடம் கெஞ்சி, மரத்தின் வேரிலிருந்து முளைத்த ஒரு கன்றை வாங்கிவரச் செய்தேன். லயத்துக்குப் பின்னால் குழி தோண்டினேன். அம்மாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"இது பணியத்து மரம்டா ராசா. இந்தக் குளிரு அதுக்கு ஆகாது."

நான் கேட்கவில்லை. கன்று இரண்டு இலை விட்டது. மழைக்காலத்துக் காற்றில் ஆடி ஆடி நின்றது. தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, புல்லின் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வெந்நீரில் முக்கி எடுத்த கீரை மாதிரி, இலைகள் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஏன் ஆகாது? மரத்துக்குக் குளிர் ஆகாது என்று அம்மாயிக்குத் தெரிந்திருந்தது. அதற்கான காரணம் எனக்குக் கிடைக்கப் பல வருடங்கள் பிடித்தன. பிள்ளைகளே, நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் ஏறினால், நிலையத்துக்கு நிலையம் பெயர்ப்பலகையைப் பாருங்கள். அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அதிலே எழுதியிருக்கும். நாவலப்பிட்டி சுமார் 580 மீற்றர். ஹட்டன் சுமார் 1,260. நானுஓயா சுமார் 1,610. நுவரெலியா நகரம் அதற்கும் மேலே, 1,868 மீற்றரில் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் குளிர் கூடுவது உங்களுக்குத் தெரியும். நாவலப்பிட்டியில் கழற்றிய சுவெட்டரை ஹட்டனில் போட்டுக்கொள்கிறோம். எவ்வளவு குறைகிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் இறங்கும்.

பென்சிலை எடுங்கள். கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27.5 பாகை. நுவரெலியாவின் உயரம் 1.868 கிலோமீற்றர். அதை 6.5 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 12 பாகை வரும். 27.5 இலிருந்து 12 போனால் 15.5. நுவரெலியாவில் வருடம் முழுவதும் அளந்து எடுத்த சராசரி ஏறக்குறைய 16 பாகை! உங்கள் கொப்பியில் போட்ட கணக்கு வானிலை ஆய்வாளர்களின் அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

மேலே போகப் போகச் சூரியனுக்குக் கிட்டத்தானே போகிறோம், பிறகு ஏன் குளிர் என்று கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன். சூரியன் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு. அது நிலத்தைச் சூடாக்கும், நிலம் தன்னைத் தொடும் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மேலெழும்பும்போது அங்கே வளியமுக்கம் குறைவு என்பதால் விரியும். விரியும் காற்று குளிரும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகிறது. விரியவிட்டால் அதற்கு நேர்மாறு.

ஈரப்பலா வெப்பமண்டலக் கடற்கரைத் தீவுகளில் வளர்ந்த மரம். 21 முதல் 32 பாகை வரையான சூடுதான் அதற்குச் சுகம். பெரும்பாலும் 650 மீற்றருக்குக் கீழேதான் நன்றாகக் காய்க்கும். சில இடங்களில் அதற்கு மேலும் வளர்வதுண்டு, ஆனால் உறைபனியைத் தாங்காது. இப்போது தேயிலை ஸ்டோருக்கு வாருங்கள். 600 மீற்றருக்குக் கீழே விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்றும், 600 முதல் 1,200 வரை இடைநிலத் தேயிலை என்றும், அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை என்றும் பிரிக்கிறார்கள். தாழ்நிலத் தேயிலையின் எல்லை முடிகிற உயரத்தில்தான், ஏறக்குறைய, ஈரப்பலாவும் களைத்துப்போய் நின்றுவிடுகிறது. தேயிலை மேலே ஏறிவிட்டது. ஈரப்பலா மரம் ஏறவில்லை, காய் மட்டும் பஸ்ஸிலும் லொறியிலும் ஏறி நம்மிடம் வருகிறது.

வந்த காயைக் கையில் எடுங்கள். கனமாக இருக்கும், ஒன்றரை இரண்டு கிலோ இருக்கலாம். தோலைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்கள், பெரும்பாலும் ஆறு பக்கம், சில ஐந்து, சில ஏழு. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புள்ளி. அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பூ! ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே காயாக மாறியிருக்கின்றன. இப்படிப் பல பூக்கள் சேர்ந்து ஆகிற பழத்தைக் கூட்டுக்கனி என்போம். பலாப்பழமும் அப்படித்தான். இரண்டும் ஒரே குடும்பம். அத்தியும் ஆலும் மல்பெரியும்கூட இவற்றுக்குச் சொந்தம். விஞ்ஞானிகள் ஈரப்பலாவுக்கு வைத்த பெயர் ஆர்டோகார்பஸ் ஆல்டிலிஸ். 'ஆர்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் ரொட்டி, 'கார்போஸ்' என்றால் கனி. சுட்டுத் தின்றவர்களுக்கு ரொட்டி நினைவுக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சீமைப்பலா, கறிப்பலா என்பார்கள். சிங்களத்தில் தெல். இலங்கைக் காடுகளுக்கே உரிய இன்னொரு தெல் மரமும் உண்டு, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. அதன் கொட்டைகளை வறுத்துத் தின்பார்கள். ஈரப்பலா வெளியே இருந்து வந்த உறவுக்காரர். அந்தக் காட்டுத் தெல் சொந்த ஊர்க்காரர்.

காயை வெட்டிப் பாருங்கள். நாம் வாங்கும் காயில் பெரும்பாலும் விதையே இருக்காது. விதை இல்லாத மரம் எப்படிப் பெருகும்? என் மாமா கொண்டுவந்தது போலத்தான், வேரிலிருந்து வரும் கன்றால். பசிபிக் தீவுகளில் வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே அந்தக் கன்றுகளை ஓடங்களில் ஏற்றி, உப்புத் தண்ணீர் படாமல் காத்து, தீவுக்குத் தீவு கொண்டுபோய் நட்டார்கள். மரம் தானாகக் கடல் தாண்டவில்லை. மனிதர்கள் தாண்ட வைத்தார்கள்.

பிறகு வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் வந்தன. 1787 இல் வில்லியம் பிளை என்ற கப்பல் தலைவர் 'பவுண்டி' என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். தாஹிட்டித் தீவில் மாதக்கணக்கில் தங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளைத் தொட்டிகளில் ஏற்றினார். 1789 ஏப்ரல் 28 அன்று மாலுமிகள் கலகம் செய்தார்கள். பிளையையும் அவர் பக்கம் நின்ற 18 பேரையும் ஒரு சின்னப் படகில் இறக்கிவிட்டார்கள். கன்றுகள் கடலுக்குப் போயின. அந்தத் திறந்த படகில் 47 நாட்கள் போய் பிளை தீமோர் தீவில் கரையேறினார். ஆனாலும் விடவில்லை, மறுபடி ஒரு கப்பலில் போய், 1793 இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கன்றுகளைக் கொண்டுசேர்த்தார்.

எதற்காக இவ்வளவு பாடு? அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் அடிமைகளாக வேலை செய்தார்கள். அவர்களுக்குக் குறைந்த செலவில் சாப்பாடு போட ஒரு மரம் தேவை என்று தோட்ட முதலாளிகள் நினைத்தார்கள். தோட்டத்து வாழ்க்கை தெரிந்த நமக்கு இந்த இடத்தில் மனசு கொஞ்சம் நிற்கும். அந்த மக்கள் முதலில் அந்தக் காயை விரும்பிச் சாப்பிடவில்லை. காலம் போகப் போக அவர்களே அதைச் சுட்டும் அவித்தும் தங்கள் ருசிக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு யமேக்காவில் சுட்ட ஈரப்பலா அவர்கள் சொந்தச் சாப்பாடு. யாரும் போட்டது அல்ல.

நம் நாட்டிலும் ஒரு கதை சொல்வார்கள். ஒல்லாந்தர்தான் இந்த மரத்தைக் கொண்டுவந்தார்களாம். உடம்புக்குச் 'சூடு' என்பதால் ஊர்ச் சனங்கள் தின்று நோயில் விழுவார்கள் என்று எண்ணி நட்டார்களாம். ஊர்ச் சனங்களோ தேங்காய்ப் பாலில் போட்டுச் சமைத்து, சூட்டையும் தணித்து, ருசியையும் கூட்டிவிட்டார்களாம். இது கதைதான். ஈரப்பலாவில் விஷம் எதுவும் இல்லை. ஆனால் தேங்காய்ப் பாலும் ஈரப்பலாவும் எப்படி இணைபிரியாத கூட்டாளிகள் ஆயின என்று சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, அடுப்படிக்குப் போவோம். கத்தி வேலை பெரியவர்களுடையது, நீங்கள் பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

அம்மாயி முதலில் கைக்கும் கத்திக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். காயின் பால் பட்டால் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் போகாது. யட்டியந்தோட்டைப் பக்கம் இறப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அந்த மாதிரிப் பசைப்பால்தான். தண்ணீரோடு சேராத பொருள் எண்ணெயோடு சேரும். முன்கூட்டியே எண்ணெய் தடவியிருந்தால் பால் தோலில் ஒட்டாமல் எண்ணெயோடு போய்விடும்.

தோலைத் தடிப்பாகச் சீவி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, துண்டு போட்ட உடனே தண்ணீரில் போடுவார். ஒரு துண்டை மட்டும் வெளியே வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். காயின் கலங்கள் வெட்டுப்படும்போது உள்ளே தனித்தனியாக இருந்த பொலிபீனோல் என்ற பொருளும் அதன் மேல் வேலை செய்யும் ஒரு நொதியமும் சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்ந்ததும் நிறம் மாறுகிறது. தண்ணீருக்குள் இருக்கும் துண்டுக்கு ஒட்சிசன் குறைவாகக் கிடைப்பதால் வெள்ளையாகவே இருக்கும். தேசிக்காய்ச் சாறு தடவிய துண்டிலும் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும், புளிப்பில் அந்த நொதியத்துக்கு வேலை ஓடாது.

இதே வேலைதான் உங்கள் தோட்டத்து ஸ்டோரிலும் நடக்கிறது. வாட்டிய பச்சைக் கொழுந்தை ரோலரில் போட்டு நசுக்குகிறார்களே, ஏன்? கலங்கள் உடைந்து, அதே வகை நொதியமும் பொலிபீனோலும் ஒட்சிசனும் சந்திக்கத்தான். கொழுந்து செம்பு நிறமாகி, மணம் வந்து, தேயிலையாகிறது. ஸ்டோரில் வேண்டும் என்று செய்வதை அம்மாயி அடுப்படியில் வேண்டாம் என்று தடுக்கிறார். பகல் முழுவதும் அந்த நொதியத்துக்காகக் கொழுந்து பறித்துவிட்டு, சாயங்காலம் அதைத் தண்ணீர்ச் சட்டியில் அடக்கிவைத்தவர் அவர் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சட்டியில் துண்டுகள், சின்ன வெங்காயம், கீறிய பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, ரம்பை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு. தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றி மூடி வேக வைப்பார். காய் வெந்த பிறகுதான் முதல் பால். கெட்டியான பாலை முதலிலேயே ஊற்றி நெடுநேரம் கொதிக்க விட்டால் அதிலுள்ள புரதம் கட்டிப்பட்டு எண்ணெய் பிரிந்துவிடும், பால் திரிந்துபோகும்.

கினிகத்தேனை மாமி இதே கறியை வைத்தால் சீக்கிரம் இறக்கிவிடுவார். அம்மாயி வீட்டில் நேரம் பிடிக்கும். விறகு ஈரமோ என்று நினைப்பேன். விறகு கவ்வாத்து மிலாறு, நன்றாகக் காய்ந்தது. காரணம் மறுபடியும் உயரம்தான். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே போகப் போக வளியமுக்கம் குறைகிறது; தண்ணீரை மேலிருந்து அமுக்கும் காற்று குறைவு, அதனால் அது சீக்கிரமே ஆவியாகி எழும்புகிறது. ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் 96 பாகை, நுவரெலியாவில் 94, பிதுருதலாகலை உச்சியில், அது 2,524 மீற்றர், 92. எவ்வளவு மிலாறு வைத்து எரித்தாலும் திறந்த சட்டியில் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, ஆவிதான் அதிகம் போகும். காயின் கலங்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசை இளகினால்தான் துண்டு மெதுவாகும். 94 பாகையில் அது இளக நேரம் எடுக்கும். பருப்பும் கடலையும் நம் பக்கம் வேக மறுப்பதற்கும் இதுதான் காரணம். பிரஷர் குக்கரில் ஆவியை வெளியே விடாமல் அடைத்து அமுக்கத்தைக் கூட்டுகிறோம், அதனால் தண்ணீர் 110 பாகையையும் தாண்டிச் சூடாகிறது. ஒருவகையில், குக்கருக்குள் சட்டியை மட்டும் மலையிலிருந்து இறக்கிவிடுகிறோம்.

வெந்ததைத் தட்டில் போட்டாயிற்று. இதில் நமக்கு என்ன கிடைக்கிறது? நம்மிடம் விளையும் உருளைக்கிழங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 100 கிராம் பச்சை ஈரப்பலாக்காயில் ஏறக்குறைய 103 கிலோகலோரிச் சக்தி, 27 கிராம் காபோவைதரேற்று, ஏறக்குறைய 5 கிராம் நார்ப்பொருள், 490 மில்லிகிராம் பொற்றாசியம், 29 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கின்றன. அதே அளவு உருளைக்கிழங்கில் நார்ப்பொருள் 2 கிராம் சொச்சம், பொற்றாசியம் 420 மில்லிகிராம் அளவு, விற்றமின் சி 20. ஈரப்பலாவை அவித்தால் விற்றமின் சி கொஞ்சம் போய்விடும், சூடு அதற்கு ஆகாது. நார்ப்பொருள் போகாது. நார்ப்பொருள் நமக்குச் சமிக்காது; ஆனால் வயிற்றை நிரப்பி, குடலில் உணவு நகர உதவி, மலச்சிக்கலைத் தடுக்கும். தசையும் இதயமும் சரியாகச் சுருங்கி விரியப் பொற்றாசியம் தேவை.

புரதம் மட்டும் குறைவு, 100 கிராமில் ஒரு கிராம்தான். அதனால்தான் பருப்போ முட்டையோ நெத்தலியோ பக்கத்தில் இருக்க வேண்டும். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் காலையிலும் இரவிலும் சாப்பிடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. ரொட்டி பசியை அடக்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளை மாவில் விற்றமின் சி கிடையாது, பொற்றாசியமும் மிகக் குறைவு. வாரத்தில் ஒரு நாள் ரொட்டியின் இடத்தில் அவித்த ஈரப்பலாவும் தேங்காய்ப் பூவும் கட்டைச் சம்பலும் வந்தால் உடம்புக்கு வேறு வேறு பொருள்கள் கிடைக்கும்.

இன்னொன்று, இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விற்றமின் சி உதவும். தேயிலைச் சாயத்தில் உள்ள பொலிபீனோல்கள் அதே இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாயத்தண்ணி குடிக்காமல், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் சாப்பிட்ட கீரையின் பலன் உங்களுக்கே வரும். தேயிலை விளைகிற இடத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை வீட்டுக்கு ஈரப்பலா வந்தால் இரண்டு சின்ன வேலை செய்யுங்கள். அவித்த துண்டு ஒன்றை, உப்புக்கூடப் போடாமல், வாயில் போட்டு ஐம்பது தடவை மெல்லுங்கள். மெல்ல மெல்ல லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. பிறகு தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டு, ஒரு சொட்டு அயடீன் கரைசலை வேறொரு துண்டின் மேல் விடுங்கள். கருநீலமாக மாறும், அது மாப்பொருள் இருப்பதற்கு அடையாளம். அந்தத் துண்டைத் தின்னக்கூடாது. பழுத்து மெத்தென்று ஆன காய் கிடைத்தால் அதிலும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலம் குறைவாக வரும். பழுக்கும்போது மாப்பொருள் சர்க்கரையாகி விடுவதால்தான் பழம் இனிக்கிறது.

மாமா கொண்டுவருகிற இரண்டு காயில் ஒன்றை அம்மாயி கறிக்கு எடுப்பார். மற்றதை, மழை பெய்கிற ராத்திரியில், தோலோடு முழுசாக அடுப்புத் தணலில் வைத்துவிடுவார். அதன் தோலே அதற்குச் சட்டி. தண்ணீரில் கரைந்து போக வழியில்லாததால் பொற்றாசியம் எல்லாம் உள்ளேயே இருக்கும். நாங்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். திருப்பித் திருப்பி வைப்பார். தோல் கரியாகும். ஒரு நேரம் காம்புப் பக்கம் மெல்ல ஆவி பீய்ச்சும், "ஸ்ஸ்" என்று சத்தம் வரும்.

"வெந்துருச்சு, அடுப்ப விட்டுத் தள்ளுங்க," என்பார் அம்மாயி. சாக்குத் துண்டால் பிடித்து எடுத்து, பலகையில் வைத்து, இரண்டாகப் பிளப்பார். வெள்ளைப் புகையாக ஆவி எழும்பி, லயத்துக் கூரைத் தகரம் வரைக்கும் போகும்.